எந்தக் கிளையைப் பிடிப்பது?



இம்மாதம் வந்த கடிதங்களில் ஒன்று கொக்கட்டிச்சோலையிலிருந்து. எழுதியவர் ஓர் ஆசிரியை. தம்மிடம் படித்த மாணவன் ஒருவன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, கணினி வலையமைப்புத் துறைக்குப் போக ஆசைப்படுகிறானாம். 'பாதுகாப்பு' என்ற கிளையில் நேரே சேர்ந்தால்தான் நல்ல சம்பளம் என்று யாரோ சொல்லிவிட, கட்டணத்துக்காகத் தகப்பனார் வயற்காணியை ஈடு வைக்கத் தயாராகிவிட்டாராம். 'எந்தக் கிளையை எடுப்பது நல்லது?' என்று கேட்கிறார் ஆசிரியை.

பிள்ளைகளை இத்துறைக்கு அனுப்ப எண்ணும் எல்லாப் பெற்றோருக்கும் உரிய கேள்வி இது. முதலில் ஒரு வார்த்தை: காணியை ஈடு வைக்க வேண்டாம். முதற்படிக்கு அவ்வளவு பணம் தேவையே இல்லை.

வலையமைப்பு என்றால் என்ன என்று படுவான்கரைப் பிள்ளைக்கு விளக்குவது சுலபம். மண்முனைத் துறையில் முன்பு 'பாதை'யில் ஏறித்தான் வாவியைக் கடக்க வேண்டும். அது ஓடாத நாளில் வலையிறவுப் பாலத்தாலோ, பட்டிருப்புப் பாலத்தாலோ சுற்றிப் போக வேண்டும். 2014இல் ஜப்பானிய உதவியுடன் கட்டிய மண்முனைப் பாலம் திறந்த பிறகு அந்தச் சுற்று குறைந்தது. கணினியிலிருந்து புறப்படும் தகவலும் இப்படித்தான் பயணம் செய்கிறது. எந்த வழி திறந்திருக்கிறது, எது கிட்டிய வழி என்று தீர்மானிக்கும் கருவி ரூட்டர். ஒரே கட்டடத்துக்குள் உரிய கணினிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது சுவிட்ச். வருவதையும் போவதையும் நிறுத்திச் சோதிப்பது ஃபயர்வால். சோதனைச் சாவடி என்றால் என்னவென்று கிழக்கு மாகாண மக்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை!

இப்போது யோசித்துப் பாருங்கள். எந்த வீதி எங்கே போகிறது என்று அறியாதவருக்கு, சாவடியை எங்கே வைப்பது என்று எப்படித் தெரியும்? பாதுகாப்பு நல்ல கிளைதான். ஆனால் வலையமைப்பின் அடிப்படை தெரியாமல் அதில் நிலைக்க முடியாது. அனுபவமில்லாத ஒருவர் கையில் தமது பாதுகாப்பை ஒப்படைக்க நிறுவனங்களும் தயங்கும்.

இது நம் சொந்தக் கருத்து மட்டுமல்ல. ரூட்டர், சுவிட்ச் தயாரிப்பில் பெயர் பெற்ற சிஸ்கோ நிறுவனத்தின் சான்றிதழ்களில் ஒன்றுக்கு சி.சி.என்.ஏ. என்று பெயர். ஒரு காலத்தில் அது பாதுகாப்பு, கம்பியில்லா இணைப்பு, தரவு மையம் என்று பல பிரிவுகளாக இருந்தது. 2020 பெப்ரவரியில் அவற்றில் பெரும்பாலானவற்றை ஒரே பரீட்சையாக்கிவிட்டார்கள். கிளை பிரிவது பெரும்பாலும் அடுத்த படியான சி.சி.என்.பி.யில்தான்.

இன்னொரு பாடமும் உண்டு. 1990களில் நோவெல் நிறுவனத்தின் நெட்வேர் மென்பொருளில் சான்றிதழ் வைத்திருந்தவருக்கு நல்ல மதிப்பு இருந்தது. பின்னர் விண்டோஸ் என்.டி. பரவ, நெட்வேர் ஒதுங்கியது. ஆனால் 1983 ஜனவரி 1 அன்று அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வலையமைப்பு ஏற்றுக்கொண்ட டி.சி.பி./ஐ.பி. விதிமுறைதான் இன்றும் இணையத்தைத் தாங்கி நிற்கிறது. நிறுவனங்களின் பொருள்கள் மாறும். அடிப்படை நீண்ட நாள் சோறு போடும்.

ஆகவே முதல் ஆறேழு மாதம் அடிப்படைக்கே கொடுக்கட்டும். ஐ.பி. முகவரியைப் பிரித்துக் கணக்கிடுவது, ரூட்டரும் சுவிட்சும் வேலை செய்யும் விதம், பெயரை முகவரியாக்கும் டி.என்.எஸ். ஆகியவற்றைக் கற்க வேண்டும். சிஸ்கோ 1997இல் தொடங்கிய நெட்வேர்க்கிங் அகடமியில் இலவசப் பாடங்கள் கிடைக்கின்றன. பாக்கெட் டிரேசர் என்ற மென்பொருளும் இலவசம். உண்மையான ரூட்டர் இல்லாமலே கணினித் திரையில் இணைத்துப் பழகலாம். பட்டம் வேண்டுவோர், கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி நடத்தும் பி.ஐ.டி. வெளிவாரிப் பட்டத்தை ஊரில் இருந்தே படிக்கலாம்.

அதன் பிறகு கிளையைத் தேர்ந்தெடுக்கலாம். பிள்ளையின் இயல்பைப் பார்த்தே தேர்வு அமைய வேண்டும்.

வெயிலில் அலையவும் கோபுரம் ஏறவும் தயங்காதவருக்குத் தொலைத்தொடர்பு. கண்ணாடி இழைக் கம்பி பதிப்பது, ஒட்டுவது, கம்பியில்லா இணைப்பு அமைப்பது ஆகிய வேலைகள் நம் மாவட்டத்திலேயே உண்டு.

வங்கி, ஆஸ்பத்திரி, ஹோட்டல் போன்ற இடங்களின் வலையமைப்பைப் பராமரிப்பது நிறுவன வலையமைப்புக் கிளை. முதல் வேலைக்கு இதுவே இலகுவான வாசல். வளைகுடாவுக்குப் போக எண்ணுவோருக்கும் பயன்படும்.

நிரல் எழுதப் பிரியமுள்ளவருக்கு மேகக் கணிமையும் தானியங்கி நிர்வாகமும். பைதன் மொழியும் லினக்ஸும் தெரிந்திருக்க வேண்டும். பல இடங்களில் இதை வீட்டிலிருந்தே செய்யலாம். வெளியூர் அனுப்ப வசதியில்லையே என்று மகளின் படிப்பை நிறுத்தும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

சந்தேகக் கண்ணும், மணிக்கணக்கில் பதிவேடுகளைப் புரட்டும் பொறுமையும் உள்ளவருக்குப் பாதுகாப்பு. ஓரிரு வருட வேலை அனுபவத்துக்குப் பின் இதற்குள் வந்தால் நன்றாக வேரூன்றலாம்.

பணவிஷயத்தில் மூன்று எச்சரிக்கைகள்.

ஒன்று: பரீட்சைக் கட்டணம் டொலரில் கணக்கிடப்படுகிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர், மூன்று மாதங்களுக்குள் 350 ரூபாவைத் தாண்டியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சி.சி.என்.ஏ. சான்றிதழ் செல்லுபடியாவதும் 3 வருடங்களுக்குத்தான். ஆகவே நன்றாகத் தயாரான பிறகு, வேலை தேடப்போகும் நேரத்தில் பரீட்சை எழுதுவதே புத்தி.

இரண்டு: அந்தப் பரீட்சை தமிழில் இல்லை. கையில் கொஞ்சம் பணம் இருந்தால் முதலில் ஆங்கிலத்துக்குச் செலவிடுங்கள். அது எந்தக் கிளைக்குப் போனாலும் கூடவே வரும்.

மூன்று: தனியார் நிறுவனத்தில் சேர்ப்பதற்கு முன், அது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்றதா என்று விசாரியுங்கள். தரும் சான்றிதழ் யாருடையது, பரீட்சைக் கட்டணம் சேர்ந்ததா தனியா என்று எழுத்தில் கேளுங்கள். வேலை நிச்சயம் என்று வாயால் சொல்பவர் அதை எழுதித் தருவாரா என்றும் கேட்டுப் பாருங்கள்.

ஆறு மாதம் இலவசமாகப் படித்த பிறகும் ஆர்வம் குறையாமல் இருந்தால், பிள்ளை இத்துறைக்கு ஏற்றவன் என்று தெரிந்துவிடும். ஆர்வம் குறைந்தால் நட்டம் ஆறு மாதம்தான். காணி கையிலேயே இருக்கும். வேறு படிப்புக்கும் வழி இருக்கும்.