பெரிய காருக்கு ஏன் சலுகை?

பெரிய எஸ்யூவி கார்களின் மீது செஸ் உட்பட 50 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதமாகக் குறைக்கப்பட்டது ஏற்கத்தக்கதல்ல. சிறிய கார்களுக்கு 18 சதவீதமாக்கியதில் நியாயம் உண்டு. நடுத்தரக் குடும்பங்கள் பயன்பெறும். பெரிய வண்டி வாங்குவோருக்கு அரசின் கைத்தாங்கல் எதற்கு? வாங்குவது அவர்கள் உரிமைதான். ஆனால், வீட்டில் இடமின்றி, இரண்டு சக்கரம் நடைபாதையிலும் இரண்டு சக்கரம் சாலையிலுமாக இரவெல்லாம் நிறுத்திவைப்பது உரிமையாகாது. ஆம்புலன்ஸ் நுழையத் திணறும் தெருக்கள் சென்னையில் ஏராளம். உயரமான பானெட்டை ஒட்டி நிற்கும் குழந்தை ஓட்டுநரின் கண்ணில் படுவதுமில்லை. பாரிஸ் நகரம் வெளியிலிருந்து வரும் கனரகக் கார்களுக்கு 2024 அக்டோபரிலேயே பார்க்கிங் கட்டணத்தை மும்மடங்காக்கிவிட்டது. தமிழக அரசும் எடைக்கேற்பக் கட்டணம் விதிக்க வேண்டும். நிறுத்த இடமிருப்பதற்கான சான்றின்றி எஸ்யூவிகளைப் பதிவு செய்யக் கூடாது.