பிள்ளையைப் பழக்கப் பத்து நாள் வேண்டும்!

“பிள்ளையை முதல் நாளே முழு நேரம் விட்டுவிடாதீர்கள். இரண்டு வாரம் கூட இருந்து பழக்குங்கள். அவசரப்படாதீர்கள்.” குழந்தையைக் காப்பகத்தில் சேர்க்கப் போகும் தாய்க்கு டாக்டரும் சொல்கிறார், பெண்கள் பத்திரிகையும் சொல்கிறது. இது தவறான யோசனையா? இல்லை, நூற்றுக்கு நூறு சரியான யோசனை. ஆனால் தேவ்நாரில் விடியுமுன் எழுந்து, குழாயடியில் குடம் நிரப்பி, சோறு பொங்கி வைத்துவிட்டு, ஏழு மணிக்குச் செம்பூர் மாடி வீடுகளுக்குப் பாத்திரம் துலக்க ஓடுகிறாளே நம் சகோதரி, அவளுக்கு அந்த இரண்டு வாரத்தை யார் கொடுப்பது?

பிள்ளையைத் தயார் செய்வது என்றால் அதற்கு நேரம் வேண்டும். கூலி வேலை செய்பவளுக்கு நேரம் என்றாலே கூலிதான். ஆகவே இது ஒவ்வொரு தாயும் தன் வீட்டுக்குள் தனியாகத் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்று சங்கம் ஒதுங்கி நிற்க முடியாது. ரேஷன் கார்டுக்கும் குடிசைப் பட்டாவுக்கும் குரல் கொடுத்த நாம் இதற்கும் குரல் கொடுத்தாக வேண்டும்.

அழாத பிள்ளை பழகிவிட்ட பிள்ளையா?

நம்மில் பலர் சொல்வது என்ன? “இரண்டு நாள் அழும், மூன்றாம் நாள் தானே அடங்கிவிடும்.” அடங்கிவிடும், உண்மைதான். ஏன் அடங்குகிறது என்பதை 1952-இல் லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் படமெடுத்தே காட்டினார். ஆஸ்பத்திரியில் தனியாகச் சேர்க்கப்பட்ட இரண்டு வயதுக் குழந்தையைப் பற்றிய படம் அது. தாயைப் பிரிந்த சிறு பிள்ளை முதலில் எதிர்த்து அழுகிறது. பிறகு நம்பிக்கை இழந்து சோர்கிறது. கடைசியில் மனதை மூடிக்கொள்கிறது, தாய் வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அதுவரை நர்சுகள் இந்த மூன்றாம் நிலையைத்தான் “பிள்ளை பழகிவிட்டது” என்று சொல்லி வந்தார்கள். தாய் வந்து போனால் பிள்ளை மறுபடி அழுகிறது என்று சொல்லி, தாய் வருவதையே தடுத்தும் வைத்திருந்தார்கள். இப்படிப்பட்ட ஆராய்ச்சிகளுக்குப் பிறகுதான் 1959-இல் பிரிட்டனின் பிளாட் கமிட்டி, பெற்றோர் பிள்ளையின் அருகில் இருக்க வழிவிட வேண்டும் என்று பரிந்துரைத்தது.

ஜெர்மனியில் பெர்லின் முறை என்று ஒன்று 1980-களில் உருவாயிற்று. முதல் மூன்று நாள் தாயோ தகப்பனோ பிள்ளையுடன் காப்பகத்திலேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, பிள்ளையோடு சேர்ந்தே வீடு திரும்ப வேண்டும். நான்காம் நாள்தான் முதல் பிரிவு, அதுவும் சில நிமிடம். பிள்ளை அங்குள்ள பெண்ணிடம் ஆறுதல் அடைகிறதா என்று பார்த்து, அதன்பின் நேரத்தைக் கூட்ட வேண்டும். ஜெர்மன் பிள்ளைக்கும் நம் பிள்ளைக்கும் நெஞ்சு ஒன்றுதான். இல்லாதது நமக்கு அந்த நாட்கள்.

தாய்மார்கள் செய்யக்கூடியவை

நாட்கள் கிடைக்கும்வரை கைகட்டி உட்காரவும் முடியாது. செலவில்லாமல் செய்யக்கூடியவை சில உண்டு. சேர்ப்பதற்கு இரண்டு வாரம் முன்பே மாலையில் பிள்ளையை அந்த வாசலுக்குக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். பார்த்துக்கொள்ளப் போகும் தாயியிடம் பிள்ளையின் முன்னிலையில் சிரித்துப் பேசுங்கள். நீங்கள் நம்பும் ஆளைத்தான் பிள்ளையும் நம்பும். அண்டை வீட்டில் அரை மணி விட்டுவிட்டுச் சொன்னபடி திரும்பி வாருங்கள். போனவள் வருவாள் என்பதை ஒன்றரை வயதுப் பிள்ளை பார்த்துத்தான் கற்றுக்கொள்ளும், சொன்னால் விளங்காது.

கண்ணைத் தப்பி ஓடாதீர்கள். “வேலைக்குப் போய்ட்டுச் சோறு தின்னுட்டு நீ தூங்கி எந்திரிச்சதும் வந்துருவேன்” என்று சொல்லிவிட்டே போங்கள். அழட்டும். சொல்லிப் போன தாய்க்காக அழும் பிள்ளையைத் தேற்றலாம். காணாமல் போன தாயைத் தேடும் பிள்ளை அடுத்த நாள் முந்தானையை விடாது. உங்கள் பழைய சேலைத் துண்டு ஒன்றைக் கூடக் கொடுத்தனுப்புங்கள், அதன் வாசனை பிள்ளைக்குத் துணை. மாற்று ஜட்டி இரண்டு வையுங்கள். தானே எடுத்துத் தின்னப் பழக்குங்கள். “சேட்டை செஞ்சா பால்வாடியில கொண்டு விட்டுருவேன்” என்று மட்டும் மிரட்டாதீர்கள். போலீஸ், பூச்சாண்டி வரிசையில் பால்வாடியையும் சேர்த்துவிட்டு, பிறகு அங்கே சிரித்துக்கொண்டு போ என்றால் எப்படிப் போகும்?

இன்னொன்று, நம்மவர்க்கே உரியது. நம் பிள்ளைக்குத் தெரிந்தது தமிழ். அங்கே இருக்கும் தாயி பேசுவது மராத்தி, அல்லது இந்தி. “ஒண்ணுக்கு” என்று பிள்ளை மூன்று முறை கேட்டும் விளங்காமல், நின்ற இடத்திலேயே நனைத்துக்கொண்டு கூனிக் குறுகிப் போகிறது. உடனே “பிள்ளை மந்தம்” என்று பேச்சு வருகிறது! மந்தமில்லை ஐயா, மொழி. பசி, தண்ணி, ஒண்ணுக்கு, வலிக்குது, அம்மா எங்கே, தூக்கம் வருது: இந்த ஆறு சொல்லையும் மராத்தி எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி, பொருளோடு தாயியிடம் கொடுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குச் சங்க இளைஞர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டில் தமிழை நிறுத்தாதீர்கள். எட்டு மொழிகளில் பள்ளி நடத்தும் மாநகராட்சி இது, அதில் தமிழும் ஒன்று. ஆறு வயதில் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளை வேண்டும் என்றால், இரண்டு வயதில் அதன் தமிழை அவமானப்படுத்தலாமா?

சட்டம் யாரை எண்ணுகிறது?

சட்டம் இல்லாமல் இல்லை. 1928-இல் பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகாலச் சலுகை மசோதாவை ஆதரித்து டாக்டர் அம்பேத்கர் பேசினார். 1929-இல் அது சட்டமாயிற்று. 1948-இல் வந்த தொழிற்சாலைச் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. 1976-இல் அந்த எண்ணிக்கை 30 ஆகக் குறைக்கப்பட்டது. 2017-இல் பேறுகாலச் சட்டத் திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் காப்பகம் வைக்க வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்றது. 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த ஏற்பாடு இருக்கிறது.

நல்லது. செம்பூரில் ஐந்து வீட்டில் வேலை செய்பவளுக்கு எந்த வீட்டில் ஐம்பது பேர்? ஐந்து எஜமானிகள் இருக்கிறார்கள், சட்டத்தின் கண்ணில் ஒரு முதலாளி கூட இல்லை. குப்பை மேட்டில் பிளாஸ்டிக் பொறுக்குபவளுக்கு யார் முதலாளி? வீட்டிலிருந்தே துண்டுக் கணக்குக்குத் தைத்துக் கொடுப்பவளுக்கு யார்? ஒரே கூரையின் கீழ் தலையை எண்ணும் சட்டத்துக்கு, கூரை கூரையாக ஓடும் பெண் தென்படுவதில்லை. வீட்டு வேலைத் தொழிலாளருக்கு நல வாரியம் அமைக்க மராட்டிய அரசு 2008-இல் சட்டம் இயற்றியது. அவர்களுக்கான சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கை 2011-இல் வந்தது, இந்தியா அதை இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை.

அங்கன்வாடி இருக்கிறதே என்பார்கள். 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய திட்டம் அது. அதன் பால்வாடி வகுப்பு மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு, அதுவும் பகலில் சில மணி நேரம். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு வீட்டுக்குக் கொண்டுபோகச் சத்துணவுப் பொட்டலம் உண்டு, மடி இல்லை. முழுநேரக் காப்பகத்துக்கென்று 2022-இல் மத்திய அரசு வைத்த திட்டத்தின் பெயர் பால்னா, அதாவது தொட்டில். பெயர் அழகாகத்தான் இருக்கிறது. நம் சந்தில் அந்தத் தொட்டில் எங்கே தொங்குகிறது என்று வார்டு அலுவலகத்தில் போய்க் கேட்போம், வாருங்கள்! 2009-இன் மும்பை மனித மேம்பாட்டு அறிக்கையில் நகரத்தின் 24 வார்டுகளில் கடைசி இடம் பெற்றது நம் எம்-கிழக்கு வார்டு. குறியீடு 0.05. அந்த வார்டில் இல்லாத தொட்டில் வேறு எங்கே இருந்து யாருக்குப் பயன்?

முடியாத காரியமா இது? 1945-இல் போர்டி கிராமத்தில் தாராபாய் மோடக் பால்வாடி தொடங்கினார். ஏழைப் பிள்ளைகள் தேடி வரவில்லை என்றதும் அவர் பெற்றோரைத் திட்டவில்லை. பால்வாடியையே அவர்கள் குடியிருப்பின் முற்றத்துக்குக் கொண்டு போனார். அங்கன் என்றால் முற்றம். 1969-இல் டில்லியில் மீரா மகாதேவன் கட்டட வேலைத்தளத்திலேயே கூலிக்காரப் பெண்களின் பிள்ளைகளுக்குக் காப்பகம் திறந்தார், அந்த நடமாடும் காப்பகம் 1972-இல் பம்பாய்க்கும் வந்தது. நம் ஊரிலோ 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவு வந்தபோது பள்ளிக்குப் போகும் பிள்ளையோடு பால்வாடிப் பிள்ளைக்கும் சேர்த்தே உலை வைத்தார்கள். மனம் இருந்த இடத்திலெல்லாம் நடந்திருக்கிறது.

நம் வீட்டுக் காப்பகம் யார்?

இனி நம்மையே கேட்டுக்கொள்வோம். காப்பகம் இல்லாத சந்தில் பிள்ளையை வைத்துக்கொண்டிருப்பது யார்? எட்டு வயது அக்காள். இடுப்பில் தம்பி, கையில் பால் புட்டி. பள்ளிப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே ‘வரவில்லை’. 6 முதல் 14 வயது வரை கல்வி உரிமை என்று 2009-இல் சட்டம் வந்தது. ஆறுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு அரசு “முயலும்” என்று மட்டும் அரசியல் சட்டத்தின் 45-ஆம் பிரிவு சொல்கிறது. தம்பிக்கு உரிமை இல்லாததால் அக்காளின் உரிமையும் போகிறது. தம்பிக்கு ஒரு காப்பகம் திறந்தால் அக்காளுக்கும் பள்ளி திறக்கும்.

அக்காளும் இல்லாத வீட்டில் கதவைப் பூட்டிவிட்டுப் போகிறார்கள். அந்தக் காலத்துப் பம்பாய் மில் தொழிலாளிப் பெண்கள் பிள்ளைக்கு அபினி கொடுத்துத் தூங்க வைத்துவிட்டுப் போனார்கள், 1931-இன் ராயல் லேபர் கமிஷன் அறிக்கையே இந்தியத் தொழிலாளர் வீடுகளின் இந்த வழக்கத்தைப் பதிவு செய்திருக்கிறது. இன்று சிலர் இருமல் மருந்தைக் கொடுக்கிறார்கள். தாயைத் திட்டுவது சுலபம். அவளை அந்த நிலைக்குத் தள்ளியவர்களைக் கேட்பதுதான் சங்கத்தின் வேலை.

“ஊருக்கு ரயிலேற்றி ஆத்தாளிடம் விட்டுவிடு” என்று யோசனை சொல்லும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு வயதில் தாயை விட்டு ஆயிரம் மைலுக்கு அப்பால் அனுப்புவதற்கு மட்டும் தயாரிப்பு வேண்டாமா? பக்கத்துச் சந்தில் எட்டு மணி நேரம் விடுவது பாவம், திருநெல்வேலியில் நான்கு வருஷம் விடுவது பாசமா? அண்டை வீட்டுக் கிழவி பார்த்துக்கொள்வாளே என்பார்கள். 1976-இல் நெருக்கடி நிலையின்போது ஜனதா காலனியை இடித்து மக்களைச் சீதா கேம்ப்புக்கு ஓட்டினார்களே, அன்று இடிந்தது சுவர் மட்டுமா? யார் வீட்டில் பிள்ளையை விடலாம் என்ற பல வருஷத்து நம்பிக்கையும் சேர்ந்தே இடிந்தது.

தகப்பன்மாரே, உங்களிடமும் கேட்கிறோம். இரவு ஷிப்டு முடிந்து வரும் ஆண் காலை ஒரு மணி நேரம் பால்வாடி வாசலில் உட்கார்ந்தால் மீசை உதிர்ந்துவிடுமா?

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது: பிள்ளையைக் காப்பகத்தில் சேர்க்கும் ஒவ்வொரு வீட்டு வேலைப் பெண்ணுக்கும் பத்து நாள், தினம் இரண்டு மணி நேரம், கூலி வெட்டாத விடுப்பு. “உன் பிள்ளைக்கு நான் ஏன் கூலி கொடுக்க வேண்டும்?” என்று எஜமானியம்மா கேட்பார்கள். அம்மா, உங்கள் பிள்ளை நர்சரியில் பழகும்வரை தண்ணீர் புட்டியோடு வாசலில் காத்து நின்றது யார்? எங்கள் பெண்தானே? அதே பத்து நாளை அவள் பிள்ளைக்குக் கேட்கிறோம்.

இரண்டாவது: அதுவரை ஒரே கட்டடத்தில் வேலை செய்யும் பெண்கள் நாலு நாலு பேராகச் சேர்ந்து, ஒருத்திக்கு மற்ற மூவர் பதலி நிற்க வேண்டும். மில் காலத்திலிருந்து நமக்குத் தெரிந்த பதலிதான். ஆனால் கூலி அவள் கைக்கே போக வேண்டும்.

மூன்றாவது: 2006 டிசம்பர் 13-இல் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. ஆறு வயதுக்குட்பட்ட 40 பிள்ளைகள் இருந்தும் அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு கேட்டால், கேட்ட மூன்று மாதத்துக்குள் அங்கன்வாடி கொடுக்க வேண்டும். குடிசைப் பகுதிக்கும் சேர்த்துத்தான் இந்த உத்தரவு. நம் சந்துகளில் நாற்பது பிள்ளைகளுக்குப் பஞ்சமா? ஒவ்வொரு சந்திலும் கணக்கெடுத்து, பெயரும் வயதும் எழுதி, கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி, தேதி போட்ட ரசீதுடன் மனு கொடுப்போம். அதே மனுவில், தாயின் வேலை நேரம் முழுதும் திறந்திருக்கும் காப்பகமாக அது வேண்டும், தமிழ் தெரிந்த ஓர் உதவியாளர் வேண்டும் என்றும் கேட்போம்.

நான்காவது: தாயிமார்களோடு சண்டை போடாதீர்கள். அவர்களுக்கு அரசு கொடுப்பது சம்பளம் கூட அல்ல, ‘மதிப்பூதியம்’. அதை எதிர்த்து 2023 டிசம்பரில் மராட்டிய அங்கன்வாடி ஊழியர்கள் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் போராட்டமும் நம் கோரிக்கையும் ஒரே வாசலில்தான் நிற்கின்றன.

பிள்ளை ஒருநாள் தாயின் கையை விட்டுத்தான் ஆக வேண்டும். பிடுங்கி எறியப்பட்டு விடுகிறதா, பழகி விடுகிறதா என்பதே கேள்வி. பணக்காரப் பிள்ளைக்குப் பழக நேரம் இருக்கிறது. நம் பிள்ளைக்கும் அது வேண்டும். கணக்கெடுப்பு நோட்டைக் கையில் எடுங்கள் தோழர்களே, முதல் சந்திலிருந்து தொடங்குவோம்!