பட்டணம் பெருத்தால் போதுமா?

ஒரு பட்டணம் பெரிதாவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஜனங்கள் வந்து குடியேறிப் பெருகுவது ஒன்று. எல்லைக் கல்லைப் பிடுங்கி, பக்கத்து ஊர்களுக்கு அப்பால் கொண்டுபோய் நடுவது மற்றொன்று. முதல் வழிக்குத் தலைமுறைகள் வேண்டும். இரண்டாவது வழிக்கு ஒரு சர்க்கார் உத்தரவு போதும். அந்த உத்தரவு எப்போது நியாயம், எப்போது அநியாயம் என்பதே இந்த வாரத்து விசாரணை.

விஷயம் வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2025ஆம் வருஷத் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் ஏறக்குறைய 150 கிராம ஊராட்சிகளை அருகிலுள்ள மாநகராட்சிகளோடு சேர்க்கப் போவதாக அறிவிப்பு வந்தது. உடனே பல கிராமங்களில் ஜனங்கள் மனுவும் கையுமாகக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய் நின்றார்கள். "வீட்டு வரி ஏறும், கிராமம் என்பதற்காகக் கிடைக்கும் கூலி வேலை நின்றுபோகும், குறை சொல்ல நாங்கள் யாரைத் தேடிப் போவது?" என்று கேட்டார்கள். நகரவாசிகளில் சிலர் இதைப் பாமரர்களின் பயம் என்று எண்ணிச் சிரித்தார்கள். சிரிப்பதற்கு முன் சென்னையின் அநுபவத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்பது நல்லது.

1688இல் ஏற்பட்ட சென்னை மாநகராட்சிதான் இந்தியாவிலேயே பழமையானது. திருவல்லிக்கேணி, எழும்பூர், புரசைவாக்கம், நுங்கம்பாக்கம் எல்லாம் ஒரு காலத்தில் தனித்தனிக் கிராமங்களே. ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டுதான் பட்டணம் வளர்ந்தது. 1946இல் சைதாப்பேட்டை சேர்ந்தது. திருவொற்றியூரின் கதை சற்று விநோதமானது. 1708இல் நுங்கம்பாக்கத்தோடு ஒன்றாகக் கும்பெனியார் கைக்கு வந்த கிராமம் அது. நுங்கம்பாக்கம் பட்டணத்தின் நடுக்கூடம் ஆகிவிட்டது. திருவொற்றியூரோ 303 வருஷம் வாசல் திண்ணையிலேயே இருந்துவிட்டு, 2011இல்தான் உள்ளே அழைக்கப்பட்டது.

அந்த 2011ஆம் வருஷத்தில் அழைப்பு அதற்கு மட்டும் வரவில்லை. அம்பத்தூர், ஆலந்தூர், மாதவரம் முதலிய 9 நகராட்சிகள், பெருங்குடி, பள்ளிக்கரணை, சோழிங்கநல்லூர் முதலிய 8 பேரூராட்சிகள், 25 கிராம ஊராட்சிகள் ஆக 42 ஸ்தாபனங்கள் ஒரேயடியாகச் சென்னையில் கரைந்தன. 174 சதுர கிலோமீட்டராக இருந்த பட்டணம் 426 சதுர கிலோமீட்டராயிற்று. இது வளர்ச்சியா, வெறும் வீக்கமா?

சேர்ப்பதே சரி என்னும் கக்ஷிக்குப் பலமான நியாயங்கள் உண்டு. அவற்றை மறைப்பது தர்மமாகாது. சாக்கடையும் கொசுவும் எல்லைக் கல்லைப் பார்த்துத் திரும்பிப் போவதில்லை. புறநகரில் வீடு கட்டிக்கொண்டு பட்டணத்தில் சம்பாதிப்பவர், பட்டணத்தின் சாலையையும் ஆஸ்பத்திரியையும் அநுபவிக்கிறார். வரியைச் செலுத்துவதோ வேறிடத்தில். தொழிற்சாலை உள்ள ஊராட்சியில் பணம் சேர்கிறது. தொழிலாளர் குடியிருக்கும் அடுத்த ஊராட்சியில் தெருவிளக்குக்கும் வழியில்லை. ஒரே குடும்பமாகச் சேர்ந்து, உள்ளவன் வீட்டு வரியில் இல்லாதவன் வீட்டுக்குக் குழாய் போடுவதில் என்ன தவறு?

தவறே இல்லை, குழாய் வருமானால்! சேர்ந்து பத்து வருஷம் கழிந்த பின்னும், புதிய பகுதிகளில் பல தெருக்களுக்குப் பாதாளச் சாக்கடை எட்டவில்லை. 2019ஆம் வருஷக் கோடையில் ஏரிகள் வறண்டபோது, பழைய மகாபலிபுரம் சாலையின் உயர்ந்த மாளிகைகளில் இருந்தவர்களும் தண்ணீர் லாரியின் வரவுக்குத் தவம் கிடந்தார்கள். மாநகராட்சிப் பலகை மட்டும் தவறாமல் வந்திருந்தது.

பெருங்குடியின் கதை இன்னும் கசப்பானது. பட்டணம் தன் குப்பையைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் பெருங்குடியில் கொண்டுபோய்க் கொட்டத் தொடங்கியது, அந்த ஊரைச் சேர்த்துக்கொள்வதற்குப் பல வருஷங்கள் முன்பே. குப்பைக்கு எல்லை குறுக்கே நிற்கவில்லை. அந்தக் குப்பையின் புகையைச் சுவாசித்தவர்கள் மாநகராட்சி மன்றத்துக்கு ஒரு பிரதிநிதியை அனுப்புவதற்குத்தான் 2011 வரையில் எல்லை குறுக்கே நின்றது. இந்த ஊரைச் சேர்க்கக் கூடாது என்று யார் சொல்வார்? முன்னதாகவே சேர்த்திருக்க வேண்டும் என்பதுதான் வழக்கு.

ஆனால், ஆலந்தூர் வேறொரு பாடம் சொல்கிறது. சென்னையோடு சேர்வதற்கு முன் அது தனி நகராட்சி. சென்ற நூற்றாண்டின் கடைசி வருஷங்களில் அவ்வூரார் தங்களுக்குப் பாதாளச் சாக்கடை வேண்டும் என்று தீர்மானித்தார்கள். நகராட்சியார் தெருத் தெருவாகக் கூட்டம் போட்டுத் திட்டத்தை விளக்கினார்கள். வீட்டுக்கு 5,000 ரூபாய் என்று ஜனங்களே முன்பணம் கட்டினார்கள். மீதிக்குக் கடனும் மானியமும் வந்தன, வேலை நிறைவேறியது. சாக்கடை இன்னும் தோண்டப்படாத தெருவில் ஒருவர் 5,000 ரூபாய் கட்டுகிறார் என்றால், வாங்குகிறவர் முகம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கணக்குக் கேட்க நடந்து போகும் தூரத்தில் ஆபீஸ் இருக்க வேண்டும். சிறிய ஸ்தாபனத்தின் சக்தி கஜானாவில் இல்லை. இந்த நம்பிக்கையில் இருக்கிறது. ஊரைச் சேர்க்கும்போது கஜானாவை எளிதில் சேர்த்துவிடலாம். நம்பிக்கையைச் சேர்க்க எந்த உத்தரவாலும் முடியாது.

அப்படிச் சேர்ந்தவர்களுக்கு மன்றமாவது நிலைத்ததா? 2016 அக்டோபரில் அதன் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. ஐந்து வருஷத்துக்கு மேல், 426 சதுர கிலோமீட்டர்ப் பட்டணத்தில் தெருக்குறையைச் சொல்லிக்கொள்ள ஒரு கவுன்ஸிலர்கூட இல்லை. இதற்கு முன்னோடியும் உண்டு. 1973இல் கலைக்கப்பட்ட மன்றம் 1996இல்தான் மறுபடி கூடிற்று.

நான் வசிக்கும் நெய்வேலியிலிருந்து பார்த்தால் இந்தக் குறை நன்றாகப் புலப்படும். பழுப்பு நிலக்கரிக்காக 1956இல் ஏற்பட்ட கம்பெனி நிர்மாணித்த நகரியம் இது. சாலை, தண்ணீர், விளக்கு, சாக்கடை எல்லாம் கம்பெனியின் பொறுப்பு. சட்டசபைக்கும் பாராளுமன்றத்துக்கும் நாங்கள் ஓட்டுப் போடுகிறோம். நகரியத்துக்கென்று தேர்ந்தெடுத்த நகரசபை கிடையாது. இங்கே குழாய் உண்டு, வார்டு ஓட்டு இல்லை. சென்னையின் புதிய பகுதிகளிலோ ஓட்டுரிமை உண்டு, பல தெருக்களுக்குக் குழாய் வரவில்லை. சில காலம் இரண்டுமே இல்லை. மனிதன் பிரஜையாக வாழ இரண்டும் வேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை மறந்துவிடச் சொல்வது நல்ல பேரமல்ல.

பட்டணம் தனக்கு வேண்டியதையெல்லாம் எல்லைக்குள் கொண்டுவர வேண்டும் என்று ஒருவர் வாதித்தால், அவரை எங்கள் பக்கத்துக் கிராமமாகிய வடக்குத்துக்கு அழைத்துப் போவேன். வீராணம் ஏரித் தண்ணீர் அங்கேதான் சுத்தம் செய்யப்பட்டு, 2004 முதல் நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் வரையில் சென்னைக்கு அனுப்பப்படுகிறது. சுமார் 200 கிலோமீட்டர் தூரம்! வேண்டியதெல்லாம் எல்லைக்குள் இருக்க வேண்டுமானால், வடக்குத்தையும் சென்னையின் ஒரு வார்டாக அல்லவா ஆக்க வேண்டும்? பள்ளிக்கரணைக்கு மழைநீர் அனுப்பும் ஏரிகள் சிலவும் 2021இல் உண்டான தாம்பரம் மாநகராட்சியில் இருக்கின்றன. அந்தச் சதுப்பு நிலத்தின் வெள்ளம் கடைசியில் நகர எல்லைக்கு வெளியே கோவளம் பக்கம் போய்க் கடல் சேர்கிறது. தண்ணீரைத் துரத்திக்கொண்டு எல்லையை நகர்த்தினால் அதற்கு முடிவே இராது.

ஆகவே தண்ணீர், வடிகால், குப்பை, பெருஞ்சாலை ஆகிய பொதுக் காரியங்களுக்குப் பல ஸ்தாபனங்கள் சேர்ந்த கூட்டுச் சபை வேண்டும். இது என் சொந்தக் கற்பனையன்று. பெருநகரத் திட்டக் குழு என்று ஒன்று வேண்டுமென்றும், அதில் மூன்றில் இரண்டு பங்கினர் நகராட்சி, ஊராட்சிகளின் பிரதிநிதிகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட வேண்டுமென்றும் நமது அரசியல் சட்டமே விதித்திருக்கிறது. 1993இல் அமலுக்கு வந்த திருத்தம் அது. தெருவிளக்குக்கு ஊர்ச் சபை, ஏரிக்குக் கூட்டுச் சபை என்று பிரித்துக்கொண்டால், எத்தனையோ இடங்களில் விழுங்க வேண்டிய அவசியமே வராது.

எங்கே வீடும் வீடும் ஒட்டி, வித்தியாசம் தெரியாதபடி ஊர்கள் ஒன்றாகிவிட்டனவோ, அங்கே சேர்க்கட்டும். ஆனால் கேட்டுவிட்டுச் சேர்க்கட்டும். அமெரிக்காவில் புரூக்ளின் நகரம் 1898இல் நியூயார்க்கோடு இணைந்தது. அதற்கு முன் 1894இல் ஜனங்களின் ஓட்டு எடுத்தார்கள். புரூக்ளினில் இணைப்புக் கக்ஷி 277 ஓட்டு வித்தியாசத்தில் ஜயித்தது. வித்தியாசம் சிறிதுதான். ஆனால் "எங்களைக் கேட்கவில்லை" என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லாமற் போயிற்று.

நம் கிராமங்களையும் கேட்கலாம். கேட்கும்போது வெறுங்கையோடு போகாமல், எந்த வருஷத்தில் குழாய், எந்த வருஷத்தில் சாக்கடை என்று எழுதிக்கொண்டு போகலாம். அவை வரும் வரையில் பழைய வரியே என்று உறுதி சொல்லலாம். கிராமக் கூலிவேலையை நம்பிய குடும்பங்களுக்கு மாற்று வழி காட்டலாம். மன்றத்துக்குத் தேர்தல் தவறாமல் நடத்தலாம். இவ்வளவும் செய்தால், மனுவோடு கலெக்டர் ஆபீஸுக்குப் போனவர்களில் பலர் தாமாகவே சம்மதிப்பார்கள். செய்ய இயலாதென்றால், அந்த ஊரை அதன் ஊராட்சியிடமே விட்டுவைப்பதுதான் பட்டணத்துக்கும் மரியாதை.