சிறார் மூச்சும் நச்சுப் புகையும்

காற்றுக் கெட்டது என்னும் பேச்சு எழும்போதெல்லாம் தில்லியையும் சென்னையையும் சுட்டிப் பேசுதல் நம்மவர் வழக்கமாயிற்று. யாம் திருநாவலூரைச் சார்ந்தேம். சுந்தரமூர்த்தி நாயனார் பிறந்த ஊராதலின் தமிழ் பயில்வார் யாவரும் அதன் பெயரை அறிவர். வயல் சூழ்ந்த அவ்வூரிற் புகைக்கேடு ஏது என்றே யாமும் நெடுநாள் எண்ணியிருந்தேம். அவ்வெண்ணம் பிழையென்பதை எம் அண்டை வீட்டுச் சிறுவன் ஒருவன் உணர்த்தினான்.

சென்ற போகியன்று வைகறையில் எம் தெரு இளைஞர் எழுவர், கிழிந்த பாய்களோடு பழைய டயர் இரண்டையும் இட்டுக் கொளுத்தினர். அவ்வெழுவருள் யாமும் ஒருவேம். பனியிற் சிக்கிய கரும்புகை மேலெழ வழியின்றித் தெருவிலேயே தங்கிற்று. பொழுது புலருமுன் ஐந்தாண்டு நிரம்பாத அச்சிறுவனுக்கு இழுப்புக் கண்டது. விலாப்புறம் உள்வாங்க, அழவும் வலியின்றித் தாயின் தோளிற் கிடந்து அவன் மூச்சுக்குப் போராடியதை நேரிற் கண்டேம். உளுந்தூர்ப்பேட்டைக்குக் கொண்டு சென்று, மருந்தை ஆவியாக்கி முகமூடி வழியே செலுத்திய பின்னரே அவன் கண்ணயர்ந்தான்.

அவனுக்கு இழுப்பு முன்னரும் உண்டு. ஆதலின் அன்றைய புகையே காரணமென்று துணிதல் தகாது என்பார் உளர். இருக்கலாம். ஆயினும், மூச்சிடர் உற்ற பிள்ளையின் வாயிலில் டயர் எரித்த எமக்கு அச்சொல் ஆறுதலாகுமோ? இலண்டன் மாநகரிற் பெருஞ்சாலை ஒன்றன் அருகே வாழ்ந்த எல்லா கிஸ்ஸி-டெப்ரா என்னும் ஒன்பது வயதுச் சிறுமி 2013-இல் ஆஸ்துமாவால் இறந்தாள். அவளுக்கும் நோய் முன்னரே இருந்ததுதான். எனினும் 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, காற்றின் மாசும் அச்சாவிற்குக் காரணங்களுள் ஒன்றெனத் தீர்ப்பளித்தார்.

குழந்தையின் நுரையீரல் பிறக்கும்போதே நிறைவுற்றதன்று. அதன் காற்றுச் சிற்றறைகள் பிறந்த பின்னரும் பல்லாண்டு பெருகி வளர்வன. மூச்சுக்குழல்கள் குறுகியனவாதலின் சிறிது வீங்கினும் அடைபடும். உடலெடையை நோக்குமிடத்துக் குழந்தை உட்கொள்ளும் காற்றோ பெரியோர் கொள்வதினும் மிகுதி. 2.5 மைக்ரான் அளவுள்ள துகள், தலைமயிரின் பருமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கேயாம். அது மூக்கின் காவலைக் கடந்து நுரையீரலின் அடிவரை செல்லும். இத்தகைய நுண்துகள், ஒரு கனமீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அறிவுறுத்திற்று. நம் நாட்டில் 2009-இல் விதித்த எல்லை 40. நம் மக்கள் நெஞ்சு எட்டு மடங்கு உரமுடையது என்று எவர் கண்டனரோ, அறியேம்.

நிற்க. 2015-இல் தில்லியில் ஆறு மாதக் குழந்தைகள் இருவரும் பதினான்கு மாதக் குழந்தை ஒன்றும் தம் தந்தையர் வாயிலாக உச்ச நீதிமன்றத்தை அடைந்து, தூய காற்று வேண்டி வழக்குத் தொடுத்தனர். வாய் திறந்து பேசவியலாத இவ்வழக்காளிகளின் பொருட்டன்றோ 2018-இல் தீபாவளி வெடிக்கு இரண்டு மணி நேரமே வரையறுக்கப்பட்டது! தலைநகர்க் குழந்தைக்கு வழக்காட ஆளுண்டு. எம்மூர்க் குழந்தைக்கு?

2019-இல் மத்திய அரசு தேசியத் தூய காற்றுத் திட்டத்தைத் தொடங்கிற்று. அது நகரங்களுக்கென வகுத்தது. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி ஆகிய நான்கும் அதன்பாற் படுவன. கள்ளக்குறிச்சி மாவட்டமும் அதே ஆண்டிற் பிறந்ததேயாயினும் அதன் ஊர் எதற்கும் அத்திட்டத்தில் இடமில்லை. சென்னையினின்று திருச்சி செல்லும் நெடுஞ்சாலை எம்மூர்க்கு அணித்தே. இரவு முழுதும் லாரிகள் ஓய்வதில்லை. அறுவடை முடிந்த கரும்புக் கொல்லைகளிற் சோகையைக் கொளுத்துவர். குப்பையையும் அவ்வாறே. கல்வராயன் மலையூர்களில் விறகடுப்பின் அருகே கைக்குழந்தையைக் கிடத்திச் சமைக்கும் தாயரைக் கண்டுள்ளேம். எரிவாயு இணைப்புப் பெற்றும், அடுத்த சிலிண்டருக்குப் பொருளின்றி விறகுக்கே மீள்வார் பலர். புகைக்கு நகரென்றும் நாட்டுப்புறமென்றும் வேற்றுமை இல்லையாக, அதனை அளப்பார்க்கு மட்டும் அவ்வேற்றுமை இருத்தல் முறையன்று என்பதே எம் கருத்து. நெடுஞ்சாலை ஓரத்து ஊர்களிலும் அளவுக்கருவி வேண்டும். ஏழையர் சிலிண்டரின் விலை குறைதல் வேண்டும்.

காற்றைத் திருத்துதல் ஆகாத செயலன்று. அமெரிக்காவில் தென் கலிபோர்னியாவிற் பல்லாண்டு சிறாரை ஆராய்ந்தோர், காற்றுத் தூய்மையுற்ற காலத்து வளர்ந்த பிள்ளைகளின் நுரையீரல் முந்திய பிள்ளைகளினும் நன்கு வளர்ந்தமையை 2015-இல் வெளியிட்டனர்.

போகி நம் முன்னோர் வழக்காயிற்றே என்று சிலர் வினவுவர். டயர் எரித்தல் முன்னோர் வழக்கன்று. முன்னோரிடம் டயர் இருந்ததில்லை. வரும் பொங்கல் விடுமுறைக்கு விடுதி மாணவர் பலரும் ஊர் செல்வர். அவரவர் தெருவில் யார் வீட்டில் கைக்குழந்தை உண்டு, யார்க்கு இழுப்பு உண்டு என்பதை முன்னரே கேட்டறிந்து கொள்ளுமாறு வேண்டுகின்றேம். எம் தெருவிற் சேர்ந்துள்ள பழைய டயர்களைப் பழைய சாமான் கடைக்குக் கொடுத்துவிடுவதென எழுவருள் ஐவர் எம்மோடு இசைந்தனர். எஞ்சிய ஒருவரோடு இன்னும் வழக்காடி வருகின்றேம்.