தண்ணீருக்குள் விளக்கு வைக்கிறவர்களுக்கு



தாமரைத் தொட்டிக்குள் விளக்கு எரியும் படங்கள் இந்த மாதம் மட்டும் ஏழெட்டு வந்துவிட்டன. பேசின் பிரிட்ஜ் பக்கம் பின்கட்டில் நாலடி இடம் கிடைத்தால் போதும்: ஒரு தொட்டி, இரண்டு அல்லி, ஒரு குட்டி நீரூற்று. சந்தோஷம். தொட்டிக்கு நான் எதிரி இல்லை. 230 வோல்ட் வயரை ஜன்னல் வழியாக இழுத்து, டேப் சுற்றித் தண்ணீருக்குள் விடுகிறீர்களே, அதற்குத்தான் எதிரி.

கேட்டால் மூன்று பதில் வருகிறது.

"எம்சிபி இருக்கு சார்." எம்சிபி வயரைக் காப்பாற்ற வந்தது, உங்களை அல்ல. லைட் லைனில் பெரும்பாலும் 6 ஆம்பியர் எம்சிபி இருக்கும். அதாவது 6000 மில்லி ஆம்பியர். ஒரு மனிதரின் இதயத்தைக் குலைக்க 50, 100 மில்லி ஆம்பியரே போதும். உங்கள் குழந்தை துடித்தாலும் எம்சிபி அசையாது. வேண்டியது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமா என்று அது கணக்குப் பார்க்கும். கசிந்தால் உடனே துண்டிக்கும்.

"வாட்டர்ப்ரூஃப்னு கடைக்காரர் சொன்னார்." விளக்குக்குச் சொன்னார், நீங்கள் போட்ட ஜாயின்ட்டுக்கு அல்ல. பெட்டியில் ஐபி44 என்றிருந்தால் தூறல் தாங்கும். மூழ்கி இருக்க ஐபி68 வேண்டும்.

"ரெண்டு வருஷமா எரியுது, ஒண்ணும் ஆகலை." வெயிலும் கடல் உப்புக்காற்றும் வயர் உறையை அரிக்க அவகாசம் கொடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். 2017 நவம்பர் 1 அன்று கொடுங்கையூரில் மழைநீரில் கால் வைத்த இரண்டு சிறுமிகள் மின்சாரம் பாய்ந்து இறந்தது மறந்துவிட்டதா? அது தெரு, இது வீடு என்பீர்கள். தண்ணீருக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

எனக்குக் கோபம் இதில்தான். பேசின் பிரிட்ஜ் சென்னைக்கே கரண்ட் அனுப்பிய ஊர். 120 மெகாவாட் கேஸ் டர்பைன் நிலையம் நம் கண்ணெதிரே நிற்கிறது. உங்களில் எத்தனை பேர் மின்வாரியத்தில், துறைமுகத்தில், எண்ணூர் கம்பெனிகளில் வேலை பார்க்கிறீர்கள்! அங்கே கையுறை இல்லாமல் பேனலைத் தொடமாட்டீர்கள். வீட்டுக்கு வந்தால் பத்து ரூபாய் டேப்பை நம்புகிறீர்கள்.

அழகு வேண்டாம் என்று சொல்லவில்லை. பிஐஎஸ் முத்திரை உள்ள 12 வோல்ட் அடாப்டரை வீட்டுக்குள் வையுங்கள். வெளியே போவது 12 வோல்ட் வயர் மட்டும் இருக்கட்டும். சோலார் விளக்கு என்றால் வீட்டு லைனே வேண்டாம். நீரூற்று மோட்டார் 230 வோல்ட்டா என்று பாருங்கள், அதையும் மாற்றுங்கள். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். தொட்டியில் கைவிடுமுன் பிளக்கைப் பிடுங்குங்கள். இரவு ஒன்பது மணிக்கு விளக்கை அணையுங்கள். மீனுக்கு இமை கிடையாது, அதற்கும் இருட்டு வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை வருமுன் இதைச் செய்யுங்கள். தொட்டியின் படத்துக்கு இனி லைக் போடமாட்டேன். மெயின் போர்டில் ஆர்சிசிபி இருக்கும் படத்தை அனுப்புங்கள், நூற்றுக்கு நூறு போடுகிறேன்.