‘நோ’ சொல்ல வேண்டிய இடத்தில் ‘எஸ்’

நம் பங்குக் குடும்பங்களின் பெண்மக்கள் பலர் செவிலியராய் வெளிநாடுகளில் பணிபுரிகின்றனர். ஆங்கிலத் தேர்வில் தேறியவர்களே அவர்கள். எனினும் ‘நோ’ என்னும் ஓரெழுத்துச் சொல்லில் இடறி விடுகின்றவர் உண்டு.

மருத்துவர் வந்து, ‘ஹாவன்ட் யூ கிவன் ஹிம் த டாப்லெட்?’ என்று வினவுவதாகக் கொள்வோம். மாத்திரை இன்னும் கொடுக்கப்படவில்லை. தமிழில் நாம், ‘ஆமாம், கொடுக்கவில்லை’ என்போம். கேட்டவர் எண்ணியது சரி என்பதே நம் ‘ஆமாம்’ உணர்த்தும் பொருள். அதனை அப்படியே பெயர்த்து, ‘எஸ், டாக்டர்’ என்று நிறுத்திவிட்டாலோ, மாத்திரை கொடுத்தாயிற்று என்றே அவர் கொள்வார். நோயாளி மருந்தின்றிக் கிடப்பார்.

ஆங்கில விடை, கேட்டவரின் எண்ணத்தை நோக்குவதன்று, நடந்ததை நோக்குவது. கொடுத்திருந்தால் ‘எஸ்’, கொடாதிருந்தால் ‘நோ’. வினாவில் ‘நாட்’ இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடை மாறாது. ‘நோ, ஐ ஹாவன்ட்’ என்று வினைச்சொல்லையும் சேர்த்துச் சொல்வது நலம், ஐயத்திற்கு இடமிராது.

ஆங்கிலேயரும் ஒரு காலத்தில் இவ்விரு வகை வினாக்களையும் வேறுபடுத்தியே விடை கூறினர். நேர் வினாவிற்கு ‘யே’, ‘நே’. எதிர்மறை வினாவிற்கு ‘எஸ்’, ‘நோ’. யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்தில், ‘நீர் அந்த இறைவாக்கினரா?’ என்ற வினாவிற்குத் திருமுழுக்கு யோவான் இறுக்கும் விடையில், ‘நே’ என்பதற்குப் பதிலாக ‘நோ’ என்று எழுதிவிட்டார் வில்லியம் டின்டேல். இதற்காக அவரைப் புனித தாமஸ் மோர் 1532-இல் வெளியிட்ட நூலில் கடிந்துகொண்டார். மறுப்புரைக்கும் நூலில் இலக்கணத்தையும் விட்டுவைக்கவில்லை புனிதர்! அந்த வேறுபாடு பின்னர் வழக்கொழிந்தது.

‘டூ யூ மைண்ட்’ என்று தொடங்கும் வினாவிலும் கவனம் தேவை. ‘உமக்கு மறுப்பு உண்டோ?’ என்பதே அதன் கருத்து. ஆகவே பேருந்தில் ஒருவர் அருகில் அமர இவ்வாறு இசைவு கேட்டால், ‘நோ’ என்பதே அமரச் சொல்லும் விடை.

‘நாட்’ இன்றியே எதிர்மறை தரும் சொற்களும் உள. ‘எ ஃப்யூ’ என்றால் சிலர் வந்தனர். ‘எ’ நீங்கி ‘ஃப்யூ’ மட்டும் நின்றால், வந்தவர் மிகக் குறைவே என்ற குறை தொனிக்கும். ‘ஹார்ட்லி’ இதனினும் பொல்லாதது. கடினமாய் உழைப்பவர் என்று புகழ எண்ணி, நற்சான்றிதழில் ‘ஹி ஹார்ட்லி ஒர்க்ஸ்’ என்று எழுதுவோர் உளர். அவர் வேலையே செய்வதில்லை என்றன்றோ அதற்குப் பொருள்! ‘ஹி ஒர்க்ஸ் ஹார்ட்’ என்று எழுதிக் கொடுங்கள். பாவம், அவருக்கு வேலை கிடைக்கட்டும்.