அகார் அகார் மாற்றுப் பொருள் அல்ல!

கடந்த தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு ஸ்ட்ராபெர்ரி மூஸ் செய்திருந்தேன். கேமரன் மலைப் பழம்; நல்ல நிறம்; குளிர்பதனப் பெட்டியில் அழகாக உறைந்திருந்தது. கிண்ணத்தை வாங்கிய பக்கத்து வீட்டுப் பாட்டி, "இது எதுலம்மா உறைஞ்சுச்சு?" என்று கேட்டார். ஜெலட்டின் பொட்டலத்தை எடுத்துப் பார்த்தேன். ஹலால் முத்திரை இருந்தது. கூடவே, சிறிய எழுத்தில், மாட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்றும் இருந்தது. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டார். சற்று நேரத்தில், கிள்ளான் வெயிலின் புழுக்கத்தில், அந்த மூஸும் சரிந்து குழம்பாகிவிட்டது.

ஒரே கிண்ணத்தில் இரண்டு தோல்விகள். இரண்டுக்கும் விடை நம் மளிகைக் கடையிலேயே இருக்கிறது: அகார் அகார். ஆனால் சமையல் குறிப்புகள் பலவும் அதை 'ஜெலட்டின் இல்லாவிட்டால் பயன்படுத்தலாம்' என்று கடைசி வரியில்தான் சேர்க்கின்றன. இது தவறு என்பது என் கருத்து. நம் நாட்டுக்கு அதுதான் முதல் தேர்வாக இருக்க வேண்டும்.

ஏன் என்று அறிவியல் வழியே பார்ப்போம். மூஸ் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு நுரை என்று பொருள். பாலேட்டில் அடைபட்ட காற்றுக் குமிழிகளை அசையாமல் பிடித்துவைக்க ஒரு வலை வேண்டும். ஜெலட்டின் ஒரு புரதம். மாடு, பன்றி, மீன் ஆகியவற்றின் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜனிலிருந்து கிடைக்கிறது. அந்த வலை 30 முதல் 35 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். நம் ஊர்ப் பிற்பகல் வெப்பமே அந்த அளவுதான்! அகார் அகாரோ சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் கார்போஹைட்ரேட் வகைப் பொருள். அது 35 முதல் 40 டிகிரியில் உறையும். ஆனால் மீண்டும் உருக ஏறக்குறைய 85 டிகிரி தேவை.

இந்த வேறுபாட்டை உலக அறிவியலுக்குக் காட்டியதும் ஒரு சமையலறைதான். 1881ஆம் ஆண்டு வாக்கில், ஜெர்மனியில் ராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியாவை ஜெலட்டின் மேல் வளர்த்தார்கள். 37 டிகிரியில் அது உருகியது. போதாக்குறைக்குச் சில பாக்டீரியாக்கள் அதைச் செரித்தே விட்டன. அங்கே பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி, தம் வீட்டுப் பழக்கூழ்கள் வெயிலிலும் உருகாததன் காரணத்தைச் சொன்னார்: அகார் அகார். ஜாவாவில் வாழ்ந்த அண்டை வீட்டார் ஒருவரிடமிருந்து அவர் இளவயதில் கற்றது அது. 1882இல் காசநோய்க் கிருமி பற்றிய தம் கட்டுரையில் காக் அகாரைக் குறிப்பிட்டார். ஃபேனியின் பெயரைக் குறிப்பிடவில்லை. இன்று உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் இருக்கும் அகார் தட்டு அந்த அம்மையார் தந்தது. அதன் பெயர் நம் மலாய் மொழி தந்தது.

அதே சோதனையை நீங்களும் செய்யலாம். இரண்டு கிண்ணங்களில் ஜெலட்டினையும் அகாரையும் தனித்தனியே உறையவைத்து, இரண்டின் மேலும் பச்சை அன்னாசித் துண்டு ஒன்றை வையுங்கள். அன்னாசியிலுள்ள புரோமலின் என்ற நொதி புரதத்தைச் சிதைக்கும், ஜெலட்டின் நீராகும். அகார் புரதம் அல்ல, அசையாது.

இனி மூஸ். ஒரு தட்டைத் தேக்கரண்டி அகார் தூளையும் 4 மேசைக்கரண்டி சீனியையும் 150 மில்லிலிட்டர் நீரில் கலந்து, 2 நிமிடம் கொதிக்கவிடுங்கள். கொதிக்காவிட்டால் தூள் முழுமையாகக் கரையாது. பழத்தைச் சேர்த்துக் கொதிக்கவைக்காதீர்கள். பழத்தின் அமிலம் சூட்டில் அகாரைப் பலவீனமாக்கும். அடுப்பை அணைத்த பிறகு 250 கிராம் ஸ்ட்ராபெர்ரி விழுதைச் சேருங்கள். விழுது குளிர்ந்திருந்தால் கட்டி தட்டும். முன்கூட்டியே வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.

பாலேட்டுக்கு நேர்மாறான விதி. 200 மில்லிலிட்டர் விப்பிங் கிரீமும் கிண்ணமும் நன்கு குளிர்ந்திருக்க வேண்டும். கொழுப்பு ஓரளவு திடமாக இருந்தால்தான் அது காற்றுக் குமிழிகளைச் சுற்றி நிற்கும். பழக்கலவை வெதுவெதுப்பாக இருக்கும்போதே, முதலில் ஒரு கரண்டி கிரீமை அதில் கலந்து, மீதியை விரைவாகவும் மென்மையாகவும் சேர்த்துக் கிண்ணங்களில் ஊற்றுங்கள். தாமதித்தால் அகார் முந்திக்கொண்டு உறைந்துவிடும். பிறகு 2 மணி நேரம் குளிரவிடுங்கள்.

ஜெலட்டின் மூஸ் நாவில் உருகும் சுகம் இதில் இல்லை என்பார்கள். உண்மைதான். உடல் வெப்பத்தில் உருகாத பொருள் நாவிலும் உருகாது. ஆனால் அகாரைக் குறைத்துப் போட்டால் மென்மை கூடும். மேசையில் சரிந்து கிடக்கும் மூஸைவிட, சற்றே உறுதியான மூஸ் மேல் அல்லவா?

ஓர் எச்சரிக்கை. வெளியே வைத்தாலும் அகார் மூஸ் உருவம் குலையாது. அதனால் அது கெடவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். பாலேட்டில் கிருமிகள் பெருகத்தான் செய்யும். அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. நம் வெயிலில் அதற்கும் முன்பே பரிமாறிவிடுவது நல்லது.

மாணவர்களே, நம் வகுப்பறையில் மாட்டிறைச்சி உண்ணாதவரும், பன்றி உண்ணாதவரும், முழுச் சைவரும் அடுத்தடுத்து அமர்ந்திருக்கிறார்கள். ஹலால் முத்திரை இவர்களில் ஒருவரின் கேள்விக்கு மட்டுமே விடை சொல்கிறது. விருந்துக்குச் சமைப்பவர் பொட்டலத்தின் சிறிய எழுத்தையும் படிக்க வேண்டும்.

வரும் தீபாவளிக்கு முதல் கிண்ணம் பக்கத்து வீட்டுப் பாட்டிக்குத்தான். "இது எதுலம்மா உறைஞ்சுச்சு?" என்று அவர் கேட்டால், இம்முறை என்னிடம் பதில் இருக்கிறது.